கோமதிநாயகம் கிளை

குளிர்க்கரைக் குடியிருப்பில் பேருந்தை விட்டு இறங்கியதும் கோமதிநாயகத்தின் காதில் முதலில் விழுந்தது சினாவேயின் குரல்தான். ஆள் அங்கே இல்லை. நிறுத்தத்தில் நட்டிருந்த கம்பம் பேசியது. படி ஈரமாக இருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்று நவோரோ மொழியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அந்தக் குரலைப் பதிவுசெய்து கொடுத்தவர் இவர்தான். தன் கைவேலை இத்தனை தூரம் வந்து ஒரு கம்பத்தில் நின்று பேசுகிறதே என்று உள்ளூர ஒரு பெருமை. மனுஷன் அன்றைக்கு மத்தியானம் வரை நிம்மதியாகத்தான் இருந்தார்.

காதில் மாட்டியிருந்த மொழிப்பொறி அதையே தமிழில் திருப்பிச் சொன்னது. "படி ஈரமாக் கெடக்கு, பாத்து எறங்குங்க."

இது ஞானசெல்வியின் குறும்பு. ஒரு காலத்தில் அவரிடம் படித்தவள். இப்போது சென்னையில் மொழிப்பொறிகள் எல்லாம் அவள் பொறுப்பு. "சார், நீங்க சங்கரன்கோவில்காரர்ங்கறதால தமிழை நம்ம பக்கத்துப் பேச்சுக்கு மாத்தி வச்சிருக்கேன். செய்தி வாசிக்கிற மாதிரி பேசினா உங்களுக்குத் தூக்கம் வந்துரும்" என்று சொல்லித்தான் வழியனுப்பினாள்.

கடல் ஏறித் தீவுகளை விழுங்கிய பிறகு வந்த ஏற்பாடு இது. பசிபிக் தீவுகளில் ஊருக்கு ஒரு மொழி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொறி செய்தால் மாளாது. அதனால் ஓசியானிய மொழிக்குடும்பத்தைக் கிளை கிளையாகப் பிரித்து, கிளைக்கு ஒரு பொறி, பொறிக்கு ஒரு குடியிருப்பு என்று நாடுகள் கூடி முடிவெடுத்தன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எல்லாம் அந்தப் பொறியின் வாய்வழிதான். யார் யாருக்கு உறவு என்பதையும் கிளைதான் தீர்மானிக்கும். பிறப்புச் சான்றும் கல்யாணப் பதிவும் தீவோடு தண்ணீருக்குள் போய்விட்டன. ரத்தத்தைச் சோதிக்க மக்கள் ஒப்பவில்லை. ஒரே கிளை என்றால் உறவென்று சொல்லி ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். வேறு கிளை என்றால் நீ யாரோ, அவர் யாரோ.

அந்தப் பெரிய மரத்தில் ஒரு கிளைக்குக் கோமதிநாயகம் கிளை என்று பெயர். நவோரோத் தீவின் மொழியும் கெலாவித் தீவின் மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நிறுவியவர் இவர். நவோரோவுக்கு மறுபக்கம் இருந்த தொக்கோவின் மொழி வேறு கிளை என்று வெட்டிவிட்டவரும் இவரே. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட விஷயம். இனி யாரும் கைவைக்க முடியாதபடி அதை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதற்கு முன் நேரில் ஒரு எட்டுப் பார்த்து, சரிதான் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்.

சினாவே தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, அகன்ற தோள்கொண்ட பெண். கம்பத்தில் கேட்ட அதே கணீர்க் குரல்.

"வாங்க தம்பி. எளைச்சுப் போயிட்டியளே."

நவோரோக்காரர்கள் உறவில்லாதவனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கொப்பரை வாங்க வரும் வியாபாரிக்குப் பெயர் உண்டு, வரி கேட்க வரும் அதிகாரிக்குப் பெயர் உண்டு. உறவு வந்துவிட்டால் பெயர் போய்விடும். கோமதிநாயகம் அந்தத் தீவுக்குப் போனபோது சினாவேயின் மகள் லிராவுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தொக்கோத் தீவுக்காரன். சினாவேக்கு ஒரு தங்கை உண்டே தவிர உடன்பிறந்த ஆண் கிடையாது. மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மொழி கேட்க வந்தவரைப் பிடித்து அங்கே நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பெயரை அந்தத் தீவில் யாரும் சொன்னதில்லை. நம்ம ஊர்க் கல்யாண வீடு மாதிரியே இருக்கிறதே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே கூடியிருக்கிறது, எல்லார் வாயும் ஓயாமல் பேசுகிறது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அந்தக் கல்யாண வீட்டிலேயே உட்கார்ந்து வேண்டிய சொல்லை எல்லாம் பதிவுசெய்துகொண்டார். அடுத்த தடவை போக அங்கே தீவு இல்லை.

கிழங்கும் மீனும் பரிமாறிக்கொண்டே சினாவே சொன்னாள். "எம் மவ முழுகாம இருக்கா தம்பி. தலைப்பிரசவம்."

"நல்ல சேதிதானே."

"அவ அங்கன பாறைமேட்டுக் குடியிருப்புல. நடுவுல ஒரு கடலு. தீவ விட்டுக் கெளப்புனப்போ அவ புருசன் வீட்டுல, தொக்கோவுல இருந்தா. நாங்க இந்தப் பக்கம், அவுக அந்தப் பக்கம். பிரசவத்துக்குப் போவணும்னு கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். நீ வேற கிளை, அவ வேற கிளைன்னு பதில் வருது. அதையும் என் குரல்லயே சொல்லுது தம்பி. என் வாயே எனக்கு இல்லன்னு சொல்லுது."

கோமதிநாயகம் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தார். "மாப்பிள்ளை ஊர்ப் பேச்சும் உங்க பேச்சும் வேற வேற இல்லயாக்கா" என்று மெதுவாகக் கேட்டார்.

சினாவே இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள். விருந்தாளியைப் பொய்யனாக்க அவளுக்கு மனசு வரவில்லை போலும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மோவா உள்ளே வந்தாள். கெலாவிக்காரி, வாய் துடுக்கு. வந்ததும் வராததுமாகக் குடிக்கக் கேட்டாள். சினாவே குவளையை நீட்டி, "இந்தா வைலா" என்றாள். காதுப்பொறி 'தண்ணி' என்று சொல்லிக் கடந்து போயிற்று.

மோவா குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "இவ காலமெல்லாம் எங்க ஊரு வார்த்தையிலதான் தண்ணி குடிக்கா. சொந்த வார்த்தை ஒண்ணு வச்சிருக்கா, நாக்குல படாது."

"ஏன்?" என்றார் கோமதிநாயகம்.

"சொன்னா மாப்ளை பேரு வந்துருமே. தாய்மாமனா நின்னீரு, மருமவன் பேரு தெரியாதா உமக்கு?"

தெரியும். தானூ. தொக்கோ மொழியில் தானூ என்றால் தண்ணீர் என்பதும் தெரியும். நவோரோவில் அதற்கு வைலா என்பார்கள், கெலாவியிலும் வைலாதான், ஆகவே இரண்டும் உடன்பிறப்பு என்று அவரே எழுதியிருக்கிறார்.

"மாப்ளை பேரு மட்டுமா?" மோவா விடுவதாக இல்லை. "சம்பந்தி பேரு கல்லு. அவர் தம்பி பேரு தீ. மாமியாக்காரி நிலா. மச்சினன் மீனு. அந்தக் கல்யாணத்துக்குத் தொக்கோக்காரன் தோணி தோணியா வந்து எறங்கினான். வீட்டுக்கு வந்த மாப்ளை ஊருக்கே மாப்ளை, அவுக ஆளு எல்லாம் ஊருக்கே சம்பந்தி. ஒருத்தர் பேரையும் சொல்லக் கூடாது. எந்த வார்த்தைதான் மிச்சம்? எல்லாத்துக்கும் எங்க ஊரு வார்த்தைய எடுத்துப் போட்டுப் பேசினாளுவ."

"ஏன் உங்க ஊருச் சொல்லு?"

"எங்களுக்குப் பொண்ணு குடுக்கவும் மாட்டாக, எங்ககிட்ட எடுக்கவும் மாட்டாக. எங்க வார்த்தையில இவுக சொந்தக்காரன் பேரு எப்படி இருக்கும்?"

சினாவே அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கோமதிநாயகம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா பெயர் சங்கரலிங்கம். அம்மா சாகும்வரை சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னதில்லை. பேருந்தில் ஏறினால் "தவசு ஊருக்கு ஒரு டிக்கெட்டு" என்பாள். எந்த ஊரும்மா என்று நடத்துநர் கேட்டால், "கோமதியம்மா தவசு இருந்தாள்லா, அந்த ஊருதான்" என்பாள். பேருந்தே சிரிக்கும். இவரும் சிரித்திருக்கிறார். அம்மா பேசியதைப் பதிவுசெய்து, இந்த அம்மாளின் மொழியில் சங்கரன்கோவில் என்ற சொல் கிடையாது என்று ஒருவன் எழுதினால் இவரே அவனைச் செருப்பால் அடித்திருப்பார். கல்யாண வீட்டில் இவர் தண்ணீரைக் காட்டிக் கேட்டபோதெல்லாம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போது நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எந்த ஊரோடு சம்பந்தமே வைத்துக்கொள்ளவில்லையோ அந்த ஊரோடு சேர்த்துக் கட்டிவிட்டார். பெண் கொடுத்த ஊரை வெட்டிவிட்டார். அதுவும் அந்தப் பெண்ணின் கல்யாணப் பந்தலிலேயே உட்கார்ந்துகொண்டு.

கை கழுவியதும் கடற்கரைப் பக்கம் நடந்துபோய் ஞானசெல்வியைக் கூப்பிட்டார். அவள் முழுதும் கேட்டாள்.

"அடிப்படைச் சொல் கடன் போகாதுன்னு நீங்கதானே சார் எங்களுக்கு நடத்துனீங்க. சட்டி பானைக்குப் பக்கத்து ஊர்ல பேரு வாங்குவான், தண்ணிக்கும் கல்லுக்கும் எவனும் வாங்க மாட்டான்னு."

"நடத்தினேன். இங்க தண்ணிக்கும் கல்லுக்கும்தான் வாங்கியிருக்கான். ஆளுக்கு வைக்கிற பேரெல்லாம் அந்தச் சொல்லுதான்."

"வாக்கிய அமைப்பெல்லாம் தொக்கோ மாதிரி இருக்குன்னு பொறி அப்பவே காட்டிச்சே சார்."

"காட்டிச்சு. பழைய எச்சம்னு அடிக்குறிப்புல தள்ளுனது நான்தான்."

ஞானசெல்வி வழக்கமான குரலிலேயே பேசினாள். "சரி, ஆனைக்கும் அடி சறுக்கும். சரிபண்ண ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, கல்யாண வீட்டுல எடுத்த பதிவு செல்லாதுன்னு நீங்க ஒரு வரி அறிவிக்கணும். கிளையே கலைஞ்சிரும். புதுசா ஆய்வு நடக்கும், அதுல நம்மகிட்ட ஏற்கனவே இருக்குற வாக்கிய அமைப்பை வச்சே நவோரோவைத் தொக்கோவோட சேத்துரலாம். இன்னொண்ணு, பழைய பதிவுல பேசின அதே குரல் சரியான சொல்லைச் சொல்லணும். பொறி அதைக் கூடுதல் சான்றுன்னு ஏத்திக்கிடும். கிளை கலையாது, நவோரோ மட்டும் இடம் மாறும். யார் தப்புன்னு கேள்வி வராது."

"அதே குரல்னா சினாவே அக்காதான்."

"அவங்களேதான். சொல்லுவாங்களா சார்?"

"கேட்டுப் பாக்கேன்."

"சார், மொத வழியே போயிரலாமே. ஒரு வரிதான். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன். ஆள் போட்டு உக்காந்தா பிள்ளை பொறக்குறதுக்குள்ள முடிச்சுரலாம்."

"முடியலன்னா? தலைப்பிரசவம்மா. அதுல போய் நம்ம விளையாடக் கூடாது."

சாக்கு என்னவோ நல்ல சாக்குதான். கேட்கிறவன் தலையாட்டிவிடுவான். அதைச் சொல்லும்போது பாடப்புத்தகத்தின் பக்கம் ஒன்று, தன் பெயர் தடித்த எழுத்தில் உள்ள பக்கம், அவர் கண்முன் வந்து போனது. அதை அவர் ஞானசெல்வியிடம் சொல்லவில்லை. அவளும் பழைய மாணவி ஆயிற்றே, அதற்கு மேல் பேசாமல் சரி சார் என்று வைத்துவிட்டாள்.

சினாவேயிடம் விஷயத்தை விளக்கினார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவுக பேரையா? நானா?"

"ஆமாக்கா. எல்லாச் சொல்லையும். நீங்க சொன்னா ஊரு மொத்தமும் பாறைமேட்டுக்குப் போயிரலாம். இங்க எத்தனை பேரு அந்தப் பக்கம் பொண்ணு குடுத்துட்டுத் தவிக்காக."

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வேற வழி எதுவும் கெடையாதா தம்பி?"

"இல்லக்கா" என்றார் கோமதிநாயகம்.

குரல் தடுமாறவில்லை. அதுதான் பிறகு அவரை உறுத்தியது. பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது நாக்குக் குழற வேண்டாமா?

மறுநாள் சினாவே மோவாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். பாயை உதறிப் போட்டு, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கோமதிநாயகம் அவள் முதுகுக்குப் பின்னால் கருவியோடு உட்கார்ந்தார். கல் என்றார். அவள் சம்பந்தியின் பெயரைச் சொன்னாள். தீ, நிலா, மீன். ஒவ்வொன்றாக வந்தது. அத்தனையும் தொக்கோச் சொல்லுக்குக் கூடப்பிறந்த சொல். ஒரு மொழி அறிஞன் துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம் அது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் என்றார்.

சினாவே தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். பிறகு மூச்சோடு மூச்சாக ஏதோ வந்தது. கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. தெளிவில்லை, மறுபடி என்று எழுத்துக் காட்டியது.

"இன்னொரு தடவை அக்கா."

சொன்னாள். குரல் உடைந்தது. கருவி மறுபடி என்றது.

"மன்னிச்சுக்கோங்க அக்கா. கொஞ்சம் சத்தமா."

சினாவே தலைத்துணியைப் பல்லில் கடித்தாள், விட்டாள். பிறகு அந்தக் கணீர்க் குரலில், வெளியே நிற்கிற மோவாவுக்கும் கேட்கும்படி, மருமகனின் பெயரைச் சொன்னாள். கருவி பச்சை காட்டியது.

எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. கோமதிநாயகம் கையைப் பிசைந்தார். "இனிமே ஒரு தடையும் இல்லக்கா. மொதக் கப்பல்லயே நீங்க போயிரலாம்."

"நானா?" அவள் அவரை ஒரு பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தாள். "மருமவன் பேரச் சொன்ன வாயோட அந்த வாசல மிதிக்க முடியுமா தம்பி? அவர் மொகத்துல எப்படி முழிப்பேன்? நான் இங்கனயே மோவா பக்கத்துல இருந்துக்கிடுதேன். என் தங்கச்சி போவா. பிரசவத்துக்கு நம்ம ரத்தம் ஒண்ணு கூட இருக்கணும், அம்புட்டுத்தான். அதுக்குத்தான் சொன்னேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அழித்துவிடுகிறேன் அக்கா, இன்னொரு வழி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அவர் கருவியைப் பையில் வைத்து மூடினார்.

கிளை மாறியது. நவோரோக்காரர்கள் மூட்டை கட்டிக் கப்பல் ஏறினார்கள். சினாவே துறைக்கு வந்து தங்கையின் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பேறுகாலத்துக்கு அரைத்துக் கொடுக்கும் வேர் என்றாள். கப்பல் கிளம்பும்வரை நிற்கவில்லை. பொறி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமென்று கோமதிநாயகமும் அதே கப்பலில் போனார். வழியெல்லாம் வாழ்த்துச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. சொந்த முடிவையே திருத்திக்கொள்ளும் அறிவு நேர்மை என்று பல்கலைக்கழகங்கள் பாராட்டின. புதுப் பதிப்பில் அதற்குத் திருத்திய கோமதிநாயகம் கிளை என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு செய்தியும் முதுகில் விழுகிற அடி மாதிரி இருந்தது. ஆனாலும் நன்றி, நன்றி என்று எல்லாவற்றுக்கும் பதில் போட்டார்.

பாறைமேட்டில் கப்பலை விட்டு இறங்கியதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். துறையிலிருந்த குடிநீர்க் குழாயை ஒரு சிறுமி திறந்தாள். குழாய் சினாவேயின் குரலில் பேசியது. தானூ சுத்தமாக இருக்கிறது, குடிக்கலாம் என்றது. பொறி கடைசியாக எந்தக் குரலைச் சான்றாக எடுக்கிறதோ அந்தக் குரலில்தான் பேசும். இது அவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. அந்த அறையில் உட்கார்ந்து மறுபடி, மறுபடி என்று கேட்டபோது நினைவில் இல்லாமல் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஆஸ்பத்திரியில் சினாவே தானூ என்றாள். பள்ளிக்கூடத்தில் தானூ என்றாள். மழை வரும் என்று அறிவிக்கும் கம்பத்தில் நின்று ஊர் கேட்கத் தானூ என்றாள். மாமியார் மருமகன் பெயரை விடிந்தால் அடைந்தால் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பலில் வந்த நவோரோப் பெண்கள் குழாயடியில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

தானூ அவரைத் தேடிக்கொண்டு வந்தான். காற்றாலையில் வேலை, கை நிறைய எண்ணெய்க் கறை. கூட லிரா, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

"வாங்க மாமா. அத்தை வரலியா?"

"வரல."

"வர மாட்டாகன்னு எங்களுக்கும் தெரியும். கொழாயத் தொறந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இவ காதுல இருக்குறதக் கழட்டி வீசிட்டு ஓயாம அழுதா." அவன் லிராவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க அம்மா வாயால அத யாரு சொல்ல வச்சான்னு என்கிட்டக் கேக்கா மாமா. எனக்கு என்ன தெரியும்?"

கோமதிநாயகம் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"அதனால நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்" என்றான் அவன். "நீங்க வருததுக்கு முந்தி, கடலுக்குள்ள இடுப்பளவு எறங்கி நின்னு அந்தப் பேர விட்டுட்டேன். எங்க அப்பா வச்ச பேரு. அவரும் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. கடலுக்கிட்டக் குடுத்துட்டா அது அப்பொறம் என்னோடது இல்ல. எங்க வழக்கம் அது."

"பேரில்லாம எப்படிப்பா?"

"புதுசு வச்சுக்கிட்டாப் போச்சு. அத்தைக்கு எந்த வார்த்தை தேவைப்படாதோ அதப் பாத்து வைப்போம்னு இவ சொல்லுதா." அவன் லேசாகச் சிரித்தான். "அத்தைகிட்டச் சொல்லுங்க மாமா. அது இப்போ வெறும் தண்ணிதான். வந்து குடிக்கச் சொல்லுங்க."

கோமதிநாயகம் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கமுடியாமல் கடலைப் பார்த்தார். தகப்பன் வைத்த பெயரை, ஒரு பெண் வாசல்படி தாண்டட்டும் என்று, கடலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். இவரோ ஒரு புத்தகத்தில் ஒரு மூலையில் கிடந்த பெயரைக் காப்பாற்ற அந்தப் பெண்ணை மூன்று தடவை சொல்ல வைத்தார். வெட்கமாக இருந்தது. சின்ன வயதில் திருடி அகப்பட்டுக்கொண்டபோது கூட அப்படி இருந்ததில்லை.

அங்கிருந்தே ஞானசெல்வியைக் கூப்பிட்டார். "கல்யாண வீட்டுப் பதிவு செல்லாதுன்னு போட்டுரும்மா. என் தப்புன்னும் போடு. கிளையில இருந்து என் பேரை எடுத்துரு."

"இப்ப எதுக்கு சார்? புதுச் சான்று ஏறி எல்லாம்தான் சரியாயிட்டே."

"எடுத்துரு."

"சரி சார்" என்றாள். மறுபடி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குளிர்க்கரைக்குத் திரும்பியபோது சினாவே மோவாவின் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். மருமகன் சொன்னதை அப்படியே சொன்னார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் வலையைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மோவா, "பாருடி, ஒன் மருமவன் லேசுப்பட்டவன் இல்ல" என்று அவள் முதுகில் தட்டினாள். சினாவே சிரித்தாள், அழுதாள், எழுந்து துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நல்ல வேளை, பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாள். தம்பிக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றாள். பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, கொஞ்சம் தயங்கி, சின்னக் குரலில், "தானூ" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். குடித்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் சொல்லியனுப்புங்கள் என்று எழுந்து வந்திருக்கலாம். தாய்மாமன் என்று அந்த வீட்டில் சாகும்வரை ஒரு தட்டுச் சோறு அவருக்கு இருந்திருக்கும். குவளையைக் கையில் எடுத்தவர் கீழே வைத்தார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க வேற வழி இல்லையான்னு கேட்டிய."

"ஆமா."

"இருந்துச்சு. நான் ஒரு தப்புப் பண்ணினேன்னு நானே ஒத்துக்கிட்டிருந்தாப் போதும். ஒரு வரி. நீங்க எதுவும் சொல்லியிருக்க வேண்டாம்."

சினாவேயின் கையில் மடித்த துணி இருந்தது. "நான் சொல்லியிருக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"அவர் பேரு போயிருக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏன் சொல்லல?"

"என் பேரு போயிரும்னு."

சினாவே துணியைப் பெட்டிக்குள் வைத்தாள். காதிலிருந்த பொறியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்துக் கோமதிநாயகம் தலையைக் குனிந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"கோமதிநாயகம்" என்றாள்.

கூப்பிட்டது போலவும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள். அவர் காதில் இருந்த பொறி அதை மொழிபெயர்க்கவில்லை. பெயர்களை அது அப்படியே விட்டுவிடும்.